கோடும் வண்ணமும்

வரைபடம் வரைய இறக்கியிருந்த இரண்டு சாஃப்ட்வேருக்கும் இலவசச் சோதனைக் காலம் முடிய இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டும் வரைபடத்தின் குறுக்கே தங்கள் பெயரைப் போட்டுவிடும். அதற்குள் ஒன்றை வாங்கி, எங்கள் பலகை விளையாட்டின் வரைபடத்தை முடித்து அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.

கருணாகரனின் அப்பா கனகராஜ் பாண்டி பஜாரில் ப்ளவுஸ் மேட்சிங் கடை வைத்திருக்கிறார். அதன் மாடியில், துணி ரோல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம்.

காஷிஃப் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினான். முதல் சாஃப்ட்வேரில் மலையும் காடும் ஓவியம் போல வந்திருந்தன. ஒரு ராஜ்யம் சிவப்பு, மற்றது பச்சை.

"இத்த பாத்தாலே வாங்குவான். இன்னா சொல்ற மச்சி?"

"வேணாம்" என்றான் கருணாகரன். "இன்னொண்ணு எடுப்போம்."

இன்னொன்றில் வண்ணமே இல்லை. ஒரு ராஜ்யத்துக்குச் சாய்ந்த கோடுகள், மற்றதற்குப் புள்ளிகள். அதில் ஓர் ஆற்றை வளைக்கவே எனக்கு ஒரு மதியம் ஆனது.

"இது மேப்பா, வீட்டு ப்ளானா?"

"தெளிவா இருக்குடா."

"சும்மா வேணாம் வேணாம்னுக்கினு கீற. ஒரு காரணம் சொல்லு. இல்லன்னா நான் எழுதுன ரூல்ஸ எடுத்துக்கினு போய்க்கினே இருப்பேன். மாளவிகா, நீயாவது வாயத் தொற."

நான் தரையைப் பார்த்தேன். போன ஞாயிறு அந்தச் சிவப்பு, பச்சை வரைபடத்தை வைத்து ஆடிப் பார்த்தபோது, கருணாகரன் தன் நாடு என்று நினைத்துப் படையை எதிரி நாட்டில் இறக்கினான். காஷிஃப் விழுந்து விழுந்து சிரித்தான். நான் விலங்கியல் படித்தவள். அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அது நான் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அதுவும் இந்தக் கட்டடத்தில். அடுத்த மாதம் முதல் மகன்தான் கடையைப் பார்த்துக்கொள்வான் என்று கனகராஜ் அங்கிள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

படியில் காலடிச் சத்தம். அவரேதான். கையில் யாருடைய பட்டுப்புடவையோ.

"ஏல, இதுக்குச் சேருத மாதிரி ஒரு பச்சை எடு. கீழ ஆள் நிக்காவ."

கருணாகரன் அலமாரி முன் போய் நின்றான். கை ஒரு ரோலுக்குப் போய்த் திரும்பியது. இன்னொன்றைத் தொட்டது. நான் எழுந்தேன்.

"நீ இரும்மா. அவன் எடுக்கட்டும். நாளைக்குக் கடையப் பாக்கப் போறவன்லா."

"அவனுக்கு எதையும் செலக்ட் பண்ண வராது அங்கிள்" என்றான் காஷிஃப். "காரணம் கேட்டா சொல்லவும் மாட்டான்."

"எடுல."

கருணாகரன் எடுக்கவில்லை. காஷிஃப் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான். எழுந்து படிப்பக்கம் நடந்தான்.

"இருடா" என்றான் கருணாகரன். எங்களைப் பார்க்காமல், துணிகளைப் பார்த்தபடியே சொன்னான்.

"அப்பா, எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியுது. சின்ன வயசுலேர்ந்து."