கொக்கி மட்டும்தான் பாக்கி

கச்சிராயபாளையத்தில் ஆரி ஒர்க் ஜாக்கெட் என்று விசாரித்தால் ஜெயசுதா வீட்டைத்தான் காட்டுவார்கள். முன்னறையையே கடையாக்கியிருந்தாள். துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, முனை வளைந்த ஊசியால் மணியும் கல்லும் ஜரிகையுமாக அவள் போடும் மயிலுக்காகக் கள்ளக்குறிச்சியிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். வேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் வழுக்கும். முகத்துக்கு நேராக ஒருவரிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு வராது. யார் எப்போது கேட்டாலும் ஆகிவிடும் என்றுதான் சொல்வாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது வீட்டில் முப்பத்தெட்டுப் பைகள் தொங்கின. போன் அடித்துக்கொண்டே இருந்தது. முதல் முறை கேட்பவரிடம் சட்டத்தில் ஏறிவிட்டது என்பாள். இரண்டாம் முறை கேட்டால் ஒரு கை முடிந்துவிட்டது. மூன்றாம் முறைக்குக் கொக்கி வைப்பது மட்டும்தான் பாக்கி. அவளோடு வேலை செய்த ஷாலினி இதைக் கேட்டுக் கேட்டு, போன் அடிக்கும்போதே விரலை ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டிச் சிரிப்பாள். ஷாலினி கரியாலூர்ப் பெண். வார நாட்களில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாள், சனிக்கிழமை மலை பஸ் ஏறிவிடுவாள்.

ஒரு புதன்கிழமை, ஜெயசுதா கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நேரம், நைனார்பாளையத்திலிருந்து விஜயலட்சுமி வந்துவிட்டாள். ஐம்பது வயசிருக்கும், மரவள்ளி போட்டிருக்கும் குடும்பம். ஆவணியில்தான் மகள் எழில்மதிக்குக் கல்யாணம் நடந்திருந்தது. தலைதீபாவளிக்கு அரக்குப் பட்டில், இரண்டு கையிலும் மயில் வைத்த ஜாக்கெட் கேட்டிருந்தாள். முந்தாநாள் போன் செய்தபோது மூன்றாவது பதில் கிடைத்தது. அதை நம்பி, வாங்கிக்கொண்டே போய்விடலாம் என்று நேரில் வந்திருந்தாள்.

அந்தப் பதில் இவளுக்குப் போயிருந்தது ஷாலினிக்குத் தெரியாது. பேரைக் கேட்டு, பையை எடுத்து, உள்ளே இருந்ததை வெளியே எடுத்தாள். துணி, ஜவுளிக்கடையில் மடித்த மடிப்புக் கலையாமல் குண்டூசியோடு இருந்தது. ஜெயசுதா உள்ளே வரும்போது விஜயலட்சுமி அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல கொக்கிய எங்க வெக்கப்போற?" என்று கேட்டாள்.

ஜெயசுதாவுக்குக் காது மடல் வரை சூடேறியது. கரெண்ட், காய்ச்சல், மணி வந்து சேரவில்லை என்று எத்தனையோ சாக்கு நாக்கு நுனியில் நின்றன. அதில் ஒன்றைச் சொல்வதற்குள் விஜயலட்சுமி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"நான் கோவப்படல. களை வெட்ற ஆளுங்கள அப்டியே வுட்டுட்டு ரெண்டு பஸ்ஸு மாறி வந்துக்கிறேன். ஆவலன்னு போன்லயே சொல்லியிருந்தின்னா வந்திருக்க மாட்டேன். இப்ப எப்ப ஆவும்னு நெசத்த சொல்லு."

ஜெயசுதா வழக்கம்போல ஒரு கிழமையைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. "எனக்கே தெரியலக்கா" என்றாள். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்."

விஜயலட்சுமி போனதும் ஜெயசுதாவும் ஷாலினியும் எல்லாப் பைகளையும் தரையில் கொட்டினார்கள். கழுத்துக்கு மட்டும் வேலை என்றால் ஒரு நாள். கையும் சேர்ந்தால் மூன்று நாள், மயில் வந்தால் ஆறு நாள். இரண்டு பேர் எப்படி உட்கார்ந்து போட்டாலும் பாதியைத் தாண்டவில்லை. மதியம் சாப்பிட வந்த புருஷன் இளவரசன், மினிபஸ் ஓட்டுபவன், துணிகளைத் தாண்டித் தாண்டி அடுப்படிக்குப் போனான். தீபாவளி வரைக்கும் போனை அணைத்து வைத்துவிடு, தையல்காரர்கள் எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள் என்றான். அவளுக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் பத்து மணி என்று சொல்லியாகிவிட்டதே.

மறுநாள் பத்துக்கு முன்பே போன் செய்தாள். மயில் முடியாது என்ற சொல்லை வெளியே தள்ளவே அவளுக்கு நேரம் பிடித்தது. கழுத்துக்கு ஜரிகைக் கோடும், இரண்டு கையிலும் மாங்காயும் போட்டு, தீபாவளிக்கு நாலு நாள் முன்பு வியாழக்கிழமை தர முடியும். வேண்டாம் என்றால் துணியை வாங்கிக்கொள்ளலாம், கள்ளக்குறிச்சியில் இன்னொருத்தி போடுகிறாள், நம்பர் தருகிறேன் என்றாள். விஜயலட்சுமி மகளைக் கேட்டுச் சொல்வதாக வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மகளே கூப்பிட்டாள். மயில் படத்தை மாமியார், நாத்தனார், அக்கம்பக்கம் என்று எல்லாருக்கும் காட்டியாகிவிட்டதாம். மயில் இல்லாமல் அதற்குப் பேர் ஆரியா என்று கேட்டாள், குரல் உடைந்திருந்தது. ஆகட்டும், பார்க்கிறேன் என்று சொல்லிவிட ஜெயசுதாவின் வாய் துடித்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மாங்காயைக் காகிதத்தில் வரைந்து போட்டோ அனுப்பினாள். அரை மணி கழித்துப் பதில் வந்தது. கலர் கல் வேண்டாம், ஜரிகையிலேயே போடுங்கள் என்று.

அதன்பின் மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். நாலாவதாகப் பெரியநாயகி. உள்ளூர்தான், சத்துணவு அமைப்பாளர். அவளுடையது முழுக்க மணி வேலை. தீபாவளிக்கு முடியாது என்று ஜெயசுதா தயங்கித் தயங்கிச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எனக்கு அது தை மாசக் கல்யாணத்துக்கு. நீ எப்டியும் ரெண்டு மாசம் இழுப்பன்னுதான் தீவாளின்னு சொல்லி வெச்சேன்."

சாயங்காலத்துக்குள் இதே கதையை இன்னும் எட்டுப் பேர் சொன்னார்கள். ஒருத்திக்குக் கார்த்திகையில் கிரகப்பிரவேசம். ஒருத்திக்கு விசேஷமே ஒன்றும் இல்லை, சும்மா தைத்து வைக்கலாம் என்று கொடுத்தாளாம். ஷாலினி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெயசுதாவும் சிரித்தாள், ஆனால் உள்ளே எங்கேயோ குத்தியது. ஊரே அவள் பேச்சில் இரண்டு மாதத்தைக் கழித்துவிட்டுத்தான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவள் பொய்க்கு அவர்களும் ஒரு பொய் வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் இவள் தூக்கம் கெட்டுக் கிடந்திருக்கிறாள்.

எல்லாரும் சிரிக்கவில்லை. ராதிகா என்று ஒரு ஸ்டாப் நர்ஸ் அன்றே ஸ்கூட்டியில் வந்து துணியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் போனாள். இந்தக் கடைக்கு யாரும் போகாதீர்கள் என்று மகளிர் குழு வாட்ஸப்பில் போட்டாள். மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்தவள். அதற்குப் பதில் எழுத ஜெயசுதா இரண்டு முறை உட்கார்ந்தாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே என்று எழுந்துவிட்டாள். இன்னும் இரண்டு பேர் துணியைத் திருப்பி வாங்கினார்கள். ஆறேழு பேர் டிசைனைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

மிச்சமிருந்த ஒவ்வொரு பையிலும் ஒரு தேதி எழுதி ஒட்டினாள். அதே தேதியை அவரவர் போனுக்கும் அனுப்பினாள். அதன்பிறகு போன் அடிப்பது குறைந்துவிட்டது. வெளியே ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்க, சட்டத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை நடந்தது. போன வருஷம் பண்டிகைக்கு முதல் நாள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய ஷாலினி, இந்த முறை மூன்று நாள் முன்பே மலையேறப்போவதாக வீட்டுக்குச் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே விஜயலட்சுமி கூப்பிட்டாள். பஸ் ஏறலாமா என்று கேட்டாள். ஒரு கை இன்னும் இணைக்கவில்லை, பதினோரு மணிக்கு மேல் வாருங்கள் என்றாள் ஜெயசுதா. விஜயலட்சுமி வீடியோவில் காட்டச் சொன்னாள். ஜெயசுதா காட்டினாள், இணைக்காத கையையும் சேர்த்து.

பன்னிரண்டு மணிக்குத் தாயும் மகளும் வந்தார்கள். எழில்மதி போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அரக்குத் துணியில் ஜரிகை மாங்காய் அடக்கமாக மின்னியது.

"நல்லாதான் கீது. மயிலு இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

ஜெயசுதா ஆமாம், இருந்திருக்கும் என்று ஒப்புக்கொண்டாள். அப்படியானால் பொங்கலுக்கு ஒரு மயில் போட்டுத் தருவீர்களா என்று கேட்டாள் எழில்மதி. ஜெயசுதா எழுந்துபோய் ஒட்டிய தேதிகளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள்.

"பொங்கலுக்கு ஆவாது. தை கடைசில தர்றேன்."

விஜயலட்சுமி கைப்பையிலிருந்து பச்சைப் பட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். வரும்போதே கொண்டுவந்திருந்தாள். நீட்டியபடியே மகளிடம், "தை கடைசின்னா மாசின்னு வெச்சிக்க" என்றாள்.

"இல்லக்கா, தைதான்" என்று சொல்லி, துணியை வாங்கி அளவெடுக்கும் டேப்பைத் தேடினாள் ஜெயசுதா.