அடுத்த வீட்டுக்குச் சாட்சி

என் கணவர் சௌரிராஜனுக்கு 'என்னுடையது' என்ற சொல் வாயில் வரவே வராது. கல்யாணமான புதிதில் எனக்கு அது பெருமையாக இருந்தது. அப்புறம் எரிச்சலாக இருந்தது. இப்போதெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறேன். சட்டசபையின் மனுக்கள் குழு திருச்சிக்கு வந்த அன்று மட்டும் சிரிக்க முடியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்களைப் போன்ற வைஷ்ணவக் குடும்பங்களில் இது பழக்கம்தான். தன்னை 'அடியேன்' என்பார்கள். தன் வீடு 'குடிசை'. அடுத்தவர் வீடு ஓட்டை ஒடிசலாக இருந்தாலும் 'திருமாளிகை'. மற்றவர்கள் இதைப் பெரியவர்கள் முன்னால் மட்டும் பேசுவார்கள். இவரோ கேஸ் சிலிண்டர் போட வருகிறவரிடம்கூட, "அடியேன் குடிசை இதுதான், எழுந்தருளணும்" என்பார். அந்த மனிதர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பார். வெளியே போய்விட்டு வந்தால் வாசலில் நின்று, "குடிசைச் சாவி எங்கே?" என்று என்னிடம் கேட்பார். மச்சும் மாடியுமாக இருக்கிற வீட்டுக்கு!

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் தெருக்காரர்கள் வீட்டு உரிமைச் சங்கத்துக்குத் தலைவராக்கினார்கள். கணக்கு வாத்தியாராக இருந்தவர், கோவையாகப் பேசுவார் என்று நம்பிக்கை. எங்கள் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் வீடு எங்களுடையது. வீடு நிற்கிற நிலம், அடிமனை என்கிறோமே, அது பழைய பதிவுகளில் கோயில் பெருமாள் பேரில் இருக்கிறது. ஆகவே யாருக்கும் பட்டா இல்லை. பட்டா இல்லாவிட்டால் இடித்துக் கட்ட அனுமதி இல்லை. சட்டசபையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தால்தான் விடியும் என்று சங்கத்துக்காரர்கள் ஒரு எம்.எல்.ஏ. விடாமல் போய்ப் பார்த்தார்கள். எல்லோரும் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

பக்கத்து வீட்டு அடைக்கலம்தான் சங்கச் செயலாளர். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். போன ஐப்பசி மழையில் அவர் வீட்டு மச்சிலிருந்து பெரிய காரைக்கட்டி ஒன்று பெயர்ந்து, மகள் யாழினியின் தலையணைமேல் விழுந்தது. பிள்ளை அப்போதுதான் எழுந்து பல் தேய்க்கப் போயிருந்தாள். அன்று முதல் அந்த வீட்டில் எல்லோரும் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்த முன்னறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் இடித்துக் கட்டிவிட வேண்டும் என்று அடைக்கலம் அலையாத ஆபீஸ் இல்லை. போன இடமெல்லாம் பட்டாவைக் கேட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் எங்கள் சங்கத்தின் மனுவை நேரில் விசாரிக்கச் சட்டசபை மனுக்கள் குழு கலெக்டர் ஆபீஸுக்கு வருகிறது என்று தெரிந்தது. எங்கள் கூடத்தில் ஒத்திகை நடந்தது. அடைக்கலம் நாற்காலியில் குழுத் தலைவராக உட்கார்ந்துகொண்டார்.

"நிலம் யாருதுன்னு கேட்பாங்க ஐயா. அங்கதான் நாம மாட்டுவோம். 'எங்களது, தலைமுறை தலைமுறையா அனுபவிச்சிட்டு வரோம்'னு பட்டுன்னு சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்."

"ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன்."

இவர் தொண்டையைச் செருமினார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "அங்க வந்து சொல்றேனே" என்றார்.

குழு வந்த அன்று நானும் கூடப் போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். குழுத் தலைவர் ஒரு பெண்மணி. மனுவைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஐயா, நீங்க குடியிருக்கிற நிலம் யாருது?"

இவர் எழுந்து கை கூப்பினார். "பெருமாளுது" என்றார். போதாததற்கு, "நிலம் மட்டும் இல்லேம்மா, அடியேனும் அவர் சொத்துதான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"அப்ப எதுக்கு மனு கொடுத்தீங்க?" என்று கேட்டார் குழுத் தலைவர். பக்கத்தில் இருந்த அதிகாரி பைலை மூடிவிட்டு அடுத்த பைலை எடுத்தார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. இவர் அடக்கத்துக்காக ஊரான் வீட்டுப் பிள்ளை தலையில் மச்சு விழ வேண்டுமா? என்னை யாரும் பேசக் கூப்பிடவில்லை. எழுந்துவிட்டேன்.

"ஏன்னா, நம்மாத்தை விடுங்கோ. அடைக்கலம் இருக்காரே, அந்த வீடு யாரோடது?"

இவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இதென்ன கேள்வி? அடைக்கலத்தோடது."

"எல்லாம் பெருமாளுதுன்னு இப்பத்தானே சொன்னீங்க ஐயா?" என்றார் தலைவர்.

"அது அடியேனைப் பத்திச் சொன்னதும்மா. 'அடியேனுக்கு ஒண்ணும் இல்லே'ன்னு அடியேன் சொல்லிக்கலாம். 'உமக்கு ஒண்ணும் இல்லே'ன்னு அடுத்தவாளைப் பார்த்துச் சொல்ல அடியேனுக்கு என்ன அதிகாரம்?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. அடைக்கலத்தின் அப்பாவும் அம்மாவும் கொத்தனாருக்குக் கூலி கொடுக்க முடியாமல் தாங்களே மண் சுமந்து அந்தச் சுவரை எழுப்பியதைச் சொன்னார். யாழினியின் தலையணையைச் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. வகுப்பில்கூட அதட்டிப் பேசாத மனிதர் மேஜையைத் தட்டினார்.

"நிலம் பெருமாளுக்கே இருக்கட்டும். அந்தக் குழந்தைக்குத் தலைக்கு மேல ஒரு கூரை வேணும். சட்டத்துல அதுக்கு ஒரு வரி சேர்க்கப்படாதா?"

அதிகாரி மூடிய பைலைத் திரும்பத் திறந்தார். தலைவர் எதையோ எழுதிக்கொண்டார். "சட்டத் திருத்தத்துக்கு நாள் ஆகும். அதுவரைக்கும் ஆபத்தா இருக்கிற வீடுகளை மட்டுமாவது இடிச்சுக் கட்ட விடணும்னு குழு பரிந்துரை பண்ணும். முதல்ல இவர் வீட்டைப் போய்ப் பாருங்க" என்று அங்கே இருந்த இன்ஜினீயரிடம் சொன்னார். அடைக்கலம் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

தலைவர் பேனாவை மூடப் போனவர், சிரித்துக்கொண்டே இவரைப் பார்த்தார். "ஐயா, உங்க வீட்டை யாருதுன்னு எழுதிக்கட்டும்?"

இவர் வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அதற்குள் அடைக்கலம் எழுந்துவிட்டார்.

"அது ஐயா வீடுங்க. சௌரிராஜன் ஐயா வீடு. மழை பெஞ்சா எம் பொண்ணு அங்கதான் தூங்குது. அவங்களோடது இல்லாமலா எங்களுக்குக் கதவைத் திறந்து விட்டாங்க?"

இவர் மறுத்துப் பேசவில்லை. மறுபடியும் கை கூப்பி நின்றார், கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமாக இதையே நானும்தான் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். எனக்கு அடைக்கலத்தின்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

பஸ்ஸில் திரும்பினோம். காவிரிப் பாலத்தில் காற்று நன்றாக வந்தது. தெருவுக்கு வந்ததும் அடைக்கலம், "போயிட்டு வரேங்க ஐயா" என்று தன் வீட்டுக்குள் போனார். இவர் எங்கள் கதவுக்கு முன்னால் நின்று, நிலையை ஒரு கையால் தடவிப் பார்த்தார்.

"அரவிந்தவல்லி, நம்மாத்துச் சாவி எங்கே?"

சாவி என் இடுப்பில்தான் இருந்தது. காது கேட்காதவள்போல் நின்றேன். இன்னொரு தரம் கேட்கட்டும் என்று.