ஜெயவேலுவின் டிம்பர்

ஆஸ்டின் டவுனில் டிம்பர் என்றால் கதவு நிலை, ஜன்னல் சட்டம், கொஞ்சம் பேரம். தங்கவயல் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் டிம்பர்மேனாக இருந்த ஜெயவேலுவுக்கு, அது பாறைக்கும் தலைக்கும் நடுவே நிற்கிற மரம். வைத்த மரத்தை யாரும் உருவக் கூடாது. கீழே அது ஒன்றுதான் வேதம்.

சுரங்கம் மூடிய மறுவருஷம் அவரும் மனைவி ஞானம்மாளும் இங்கே குடிவந்து ஓர் அறை கட்டினார்கள். கூரைக்குக் கான்கிரீட் போட்டு, அடியில் முப்பத்திரண்டு நீலகிரித் தைலமரக் கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார் மேஸ்திரி ஓஸ்வால்ட். ஜெயவேலு தினமும் மத்தியானம் பாயோடு அதற்குள் போய்விடுவார். கான்கிரீட் இறுகுவதற்காக மேலே தேக்கியிருந்த தண்ணீர் கசிந்து சொட்டும். பாதிக் கண் மூடினால் போதும், சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டு இறங்கத் தொடங்கிவிடும். இருட்டுக்குள் சிநேகிதர்கள் தோளில் மரத்தோடு நடப்பார்கள், ஒருத்தருக்கும் வயசாகியிருக்காது. அவர் ஒரு கட்டையைத் தட்டிக் காதை வைப்பார். பாரம் ஏறினால் மரம் முனகும். அது முனகினால் ஓடிவிட வேண்டும். அந்த முனகல் போட்ட பிச்சைதான் தன் உயிர் என்று அவர் நம்பினார்.

கான்கிரீட் போட்ட இருபத்தோராம் நாள் ஓஸ்வால்ட் சுத்தியலோடு வந்தார். ஜெயவேலு வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“பிரிக்க வேணாம்பா. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“பேஜார் பண்ணாதீங்கண்ணா. முப்பத்திரண்டு கட்டைக்கு நடுவுல அண்ணி எங்க அடுப்பு வைப்பாங்க?”

“எடுத்தா வுழுந்துடும்.”

“கம்பி கட்டின கான்கிரீட்ணா இது. பாறை இல்ல.”

மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்றைக் கழற்றினார் ஓஸ்வால்ட். நடுவில் இருந்த கடைசிக் கட்டையை மட்டும் ஜெயவேலு கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஞானம்மாள் உள்ளே வந்தாள். ஷிஃப்ட் முடியும் சங்குக்குக் காத்திருந்தே பாதி ஆயுசைத் தொலைத்தவள். தரைக்கு வந்துவிட்ட மனுஷன் பயமில்லாமல் தூங்க வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கட்டைக்குப் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, வெளிய வாங்க,” என்றார் ஓஸ்வால்ட்.

அவள் நகரவில்லை. புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: “நீங்க கீழ வெச்ச மரத்த நான் ஒரு நாளும் கண்ணால பாத்ததில்ல. நம்பித்தான சோறு ஆக்கி வெச்சேன்? நீங்க ஒரு தடவ நம்புங்களேன்.”

ஜெயவேலு பிடியை விட்டு அவளோடு ஒட்டி உட்கார்ந்தார். ஓஸ்வால்ட் இரண்டு தட்டுத் தட்டி, கட்டையைச் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போனார்.

ஜெயவேலு மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரைக்குக் காதைக் கொடுத்தார். தெருவில் ஓர் ஆட்டோ போயிற்று.

“இன்னா சொல்லுது?” என்றாள்.

“ஒண்ணும் சொல்லல,” என்றார். அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அப்படியே படுத்துக் கண்ணை மூடினார். கூண்டு வரவில்லை. அவர் குறட்டை விடும்வரை ஞானம்மாள் காத்திருந்தாள். பிறகு எழுந்து, அடுப்பு வைக்க ஒரு மூலை பார்த்தாள்.