எரியாத பட்டறை

ராமாமணி டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். ரிட்டயர் ஆகி எட்டு வருஷமாகியும், பீளமேட்டில் அவள் முன்னால் தப்பான தகவலோடு ஒருவரும் வாய் திறக்க முடியாது. அப்பேர்ப்பட்டவளை அண்ணன் மகள் ஹாரிகா ஒரே கேள்வியில் ஊமையாக்கிவிட்டாள்.

கேள்வி டீச்சரின் பெரியப்பா கோவிந்தராஜுலுவைப் பற்றியது. கரண்ட் இறங்கிப்போனாலும் நிற்காமல் ஓடும் கிணற்று மோட்டாரைக் கண்டுபிடித்தவர் என்று ஊரே கொண்டாடும் மனிதர். செத்து முப்பத்தெட்டு வருஷம் கழித்து அவருக்கு ஒரு நினைவுக்கூடம் கட்டியிருக்கிறார்கள். வரும் ஞாயிறு திறப்புவிழா. சுவர்ப் பலகைகளுக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்பு ஹாரிகாவுக்கு.

அவள் ஒவ்வொரு கதையாக எடுத்து நோண்டினாள். ஜெர்மனிக்காரன் விமான டிக்கெட் அனுப்பிக் கூப்பிட்டானாம். பொய், ஒரு கடிதம்கூட இல்லை. தொண்டாமுத்தூர்க் கிணறு ஒன்றில் அந்த மோட்டார் ஓடியதாம். நிஜம்தான், பதினெட்டு நாள் ஓடியது, அப்புறம் உள்ளே சுற்றிய செம்புக் கம்பிக் காயில் கருகி நின்றுபோனது. மிச்சம் இருந்தது தீ. காயில் சுற்றும் வைண்டர் ஒருவன் பொறாமையில் அவர் பட்டறைக்குத் தீ வைத்தான், வரைபடமெல்லாம் சாம்பலானது, அதனால்தான் மோட்டார் கடைக்கே வரவில்லை என்பது ஊர் நம்பும் கதை.

"அத்தை, தீயணைப்பு நிலையத்துல பதிவு இல்ல. அப்போ வந்த பேப்பர்லயும் இல்ல. தொண்ணூத்தொம்பதுல ஸ்கூல் மலர்ல நீங்க எழுதினதுலதான் மொதல்ல வருது. உங்களுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. பள்ளிப் பொன்விழா மலருக்குப் பெரியப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது கட்டுரை சப்பென்று இருந்தது. மோட்டார் தோற்றது, வரைபடங்களைக் கரையான் தின்றது என்று எழுத அவளுக்கு மனசு வரவில்லை. குடும்ப கௌரவம் ஒரு பக்கம் இழுத்தது, எழுதுகிற ருசி இன்னொரு பக்கம் இழுத்தது. ஒரு தீயை வைத்தாள். தீ சும்மா பற்றுமா, வைக்க ஓர் ஆள் வேண்டாமா? 'கூட இருந்த வைண்டர்' என்று சேர்த்தாள். பேர் போடவில்லையே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

பெரியப்பா பட்டறையில் காயில் சுற்றியவர் ஒரே ஒருவர்தான், ஆரோக்கியதாஸ். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தக் கதையாகிவிட்டது. மலர் வீடு வீடாகப் போனது, பேச்சுக்குக் கை கால் முளைத்தது. யாரும் வேலை கொடுக்காமல் அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டே போனார். அன்றைக்கே ஒரு வரி மறுப்பு எழுதியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று இருபத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டாள்.

இப்போதாவது ஹாரிகாவிடம் சொன்னாளா என்றால் அதுவும் இல்லை. மறுக்கச் சாட்சி இல்லையென்றால் மலரில் உள்ளபடியே தீயும் பலகையில் ஏறும் என்று விழாக் குழு ஒற்றைக்காலில் நின்றது. "ஆரோக்கியதாஸ் பொள்ளாச்சில இருக்காரு கண்ணு. அவரு வாயாலயே கேட்டுப்போட்டு வாரேன்" என்றாள் ராமாமணி. நான் வைக்கவில்லை என்று அவர் சொன்னால் போதும், அவர் பேரும் சுத்தமாகும், தன் பொய்யும் வெளியே வராது. இந்த வயசிலும் அவள் புத்தி அப்படித்தான் போனது.

மறுநாள் காலையில் பஸ் ஏறினாள். கொப்பரைக் களத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன வீட்டுக் கதவைத் திறந்தவள் ஆரோக்கியதாஸின் மகள் கிருபாவதி. டீச்சரை அவளுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. இருந்தும் வாங்க என்று நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, வந்த விஷயத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டாள். அந்த மரியாதைதான் ராமாமணியைச் சுட்டது.

எண்பத்திரண்டு வயது ஆரோக்கியதாஸ் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். இடது கை விழுந்துபோயிருந்தது. ராமாமணி போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுக் கட்டில்மேல் வைத்து, பட்டறையில் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டாள்.

"நாந்தானுங்க அம்மணி தீ வெச்சேன்."

அவர் நிறுத்தவில்லை. மண்ணெண்ணெய் டின்னைச் சொன்னார், வார்னிஷ் எரிந்த நெடியைச் சொன்னார், நெருப்பு தென்னை உயரத்துக்கு நாக்கை நீட்டி எழுந்தது என்றார். தென்னையும் நாக்கும் மலரில் அவள் எழுதியவை, அட்சரம் பிசகவில்லை. டின்னும் நெடியும் அவள் எழுதாதவை.

கிருபாவதி தணிந்த குரலில் விவரம் சொன்னாள். இருபது வருஷத்துக்கு மேலாக, நான் வைக்கவே இல்லை என்றுதான் அப்பா சாதித்தாராம். டீக்கடையில் சொன்னார், சர்ச்சில் பங்குச் சாமியாரிடம் சொன்னார், அவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து படுத்தவர், ஒருநாள் தான்தான் வைத்ததாகச் சொல்ல ஆரம்பித்தார். அன்றிலிருந்து ஜெபத்துக்கு உட்கார்ந்தால் அதையே சொல்லி அழுகிறாராம்.

ராமாமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். போன் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தேதான் வாயைத் திறந்தாள்.

"தீயே புடிக்கலீங்க. நான் எழுதுனது பொய்யிங்க. மோட்டார் கருகிப்போச்சு, படமெல்லாம் கரையான் தின்னுபோச்சு. நீங்க ஒரு தப்பும் பண்ணலீங்க. பாவி நாந்தான் உங்க மேல பழியப் போட்டேன்."

அவர் வலது கையால் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். கோபம் துளியும் இல்லை.

"பெரிய மனசுங்க அம்மணி உங்களுக்கு. இந்தக் கெழவனுக்காவப் பொய் சொல்றீங்க. சாகற காலத்துல எனக்குப் பொய் வேண்டாமுங்க. உங்க பெரியப்பாவுக்குப் பதிலா, மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க."

மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். பெரியப்பா செத்த பிறகும் பட்டறை அப்படியே நின்றதை, ஓடு பிரித்து இடித்ததைத் தன் கண்ணால் பார்த்ததை எல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தார். ஐயோ, அந்த வார்த்தையை இவளல்லவா கேட்டு நின்றிருக்க வேண்டும்! அவள் நிமிர்ந்து கிருபாவதியைப் பார்த்தாள்.

"சொல்லிப்போடுங்க டீச்சர்" என்றாள் கிருபாவதி. "அப்பா தூங்கி ரொம்ப நாளாச்சுங்க. நீங்க ஒத்துக்கிட்டது போன்ல இருக்குது. பலகைக்கு அது போதுமுங்க."

ராமாமணி சொன்னாள். செய்யாத தப்புக்கு, செய்தவளிடமே மன்னிப்பு வாங்கிக்கொண்டு, அவர் நிம்மதியாகச் சாய்ந்து படுத்தார்.