பதிமூன்று சொட்டு

தொட்டித் தண்ணீரின் காரத்தை அளக்கும் சோதனையில் பெய்-ரு பன்னிரண்டாவது சொட்டை விட்டாள். குப்பியில் நீலம் அப்படியே நின்றது. பதிமூன்றாவது சொட்டில்தான் மஞ்சளாக மாறியது.

அவளுக்குப் பின்னால், நான்கடி தள்ளி, மடக்குக் கட்டிலில் அவள் அண்ணன் யோங்-ஷுன் கழுத்துவரை மஞ்சள் துணி போர்த்திக் கிடந்தார். கட்டிலைச் சுற்றி பழுப்பு அங்கி அணிந்த மூன்று பெண்கள் அமிதாப புத்தரின் பெயரை ஒரே இழுப்பில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எட்டு மணி நேரம் இப்படித்தான். அதுவரை உடலைத் தொடக் கூடாது, பக்கத்தில் இருந்து அழவும் கூடாது. காலை ஆறரைக்கு அவர் இறந்து கிடப்பதைப் பார்த்தார்கள். இப்போது மணி பன்னிரண்டு.

அண்ணன் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின் கருவி மறுபடி கீச்சிட்டது. கூட்டத்தில் மூத்தவரான திருமதி லாய் கண்ணைத் திறக்காமலே கையை ஆட்டினார்.

"அந்தச் சத்தத்தை நிறுத்தும்மா. போற உசுருக்கு மனசு கலையும்."

பெய்-ரு பொத்தானை அழுத்தினாள். ஐந்து நிமிடம் அடங்கியிருக்கும், திரும்பவும் கத்தும். தண்ணீரின் பிஎச் 7.7-க்குக் கீழே போனால் கத்தும்படி அண்ணன் வைத்திருந்தார். இப்போது திரையில் 7.58. காலையில் 7.70 இருந்தது. பவளங்கள் எல்லாம் தம் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு வெறும் கல்லாக இருந்தன.

ஒன்பது நாட்களாக அண்ணனுக்கு இதே கவலைதான். கீலுங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வருவார், சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். ராத்திரி ஆனால் பிஎச் விழுகிறது, ஏன் என்று தெரியவில்லை. கடைசியில் இந்தச் சின்ன அறையிலேயே கட்டிலைப் போட்டுப் படுக்க ஆரம்பித்தார். "எனக்குக் காய்ச்சல்னா திரும்பிப் பார்க்க மாட்டாரு. தண்ணிக்கு மட்டும் விடிய விடிய நாடி பிடிப்பாரு" என்று அண்ணி ஷூ-ஹுவி சிரிப்பாள். கண்ணாடி போட்டும் நிறம் மாறுவது தெரியவில்லை என்று அண்ணன் பெய்-ருவைக் கூப்பிட்டுச் சொட்டு எண்ணச் சொல்வார். அவள் முணுமுணுத்துக்கொண்டே எண்ணுவாள்.

சுகாதார நிலைய டாக்டர் எட்டு மணிக்கு வந்து போய்விட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட் பற்றிய தாளைப் பார்த்தார், மாரடைப்பு என்று எழுதினார். முகத்தில் வேதனையே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கன்னம் இரண்டும் சிவந்து, ஒரு கோப்பை அரிசி மது குடித்துவிட்டுத் தூங்குகிறவர் போலத்தான் இருந்தார். "புண்ணியவான். இந்த நிறத்தோட போறவங்க கொஞ்சம்தான்" என்றார் திருமதி லாய்.

பெய்-ருவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கொரு தடவை எண் இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் போன அன்றைக்கே இதுவும் செத்துவிடுமோ?

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம். வந்தவர்களுக்குச் சுடச்சுட இஞ்சி டீ போய்க்கொண்டே இருந்தது. வெந்நீர்க் குழாய் நிற்கவே இல்லை. வெளியே மூன்று நாளாகக் குளிரும் மழையும். வீட்டில் ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

அண்ணி வாசலில் வந்து நின்றாள். கண் உள்ளே போயிருந்தது.

"அவரே போயாச்சு. நீ இன்னும் தண்ணியை அளந்துக்கிட்டிருக்கே."

"விழுந்துக்கிட்டே இருக்கு அண்ணி."

"விழட்டும்." நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "தலை வெடிக்குது. ரெண்டரை மணிக்கு இறுதிச் சடங்குக்காரங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள குளிச்சுட்டு வரேன்."

அவள் போனதும் பெய்-ரு அண்ணனின் நோட்டை எடுத்தாள் — தொட்டியின் பக்கவாட்டில் கயிறு கட்டித் தொங்கும் நோட்டு. தடித்த எழுத்து. 'காரம் சேர்த்தேன். ஏறவில்லை.' 'உப்பு மாற்றினேன். ஏறவில்லை.' 'கருவியைச் சரிபார்த்தேன், கருவி சரி.' கடைசி நான்கு நாட்களும் ஓரத்தில் ஒரே வார்த்தை: தலைவலி.

அவளுக்கும் தலைவலி இருந்தது. காலையிலிருந்தே. அழாமல் அடக்கியதால் என்று நினைத்திருந்தாள்.

அந்த நேரத்தில் மூன்று பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே ஓடினாள். நடையில் அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. "வெறும் வயிறு, குளிரு" என்றார் திருமதி லாய். அவர் குரலும் குழறியது.

பெய்-ரு அண்ணனின் போனை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். வளர்ப்பு மீன் கடை ஆ-கூயின் எண் முதலிலேயே இருந்தது. அவன் ஒரே மணியில் எடுத்தான்.

"என்னய்யா, இன்னும் ஏறலையா? பாரு, உன் மீனுக்கு முன்னாடி நீ போய்ச் சேரப்போறே!"

"நான் அவரு தங்கச்சி பேசறேங்க. அண்ணன் காலைல போயிட்டாரு."

மீன் தொட்டிகளின் குமிழிச் சத்தத்துக்கு நடுவில் அவன் தடுமாறினான்.

"மன்னிச்சுக்க தங்கச்சி. நான்... எப்படி..."

"மாரடைப்பு. தொட்டி கத்திக்கிட்டே இருக்கு. 7.58. சொட்டு பதிமூணு வந்துச்சு."

"பதிமூணா? பதிமூணு வந்தா காரம் நிறைய இருக்குன்னு அர்த்தம், பிஎச் எட்டுக்கு மேல நிக்கணுமே." அவன் குரல் மாறியது. "அப்படின்னா கோளாறு தண்ணியில இல்ல. காத்துல. வீட்டுக்குள்ள கரியமில வாயு ஏறுது, தண்ணி அதைக் குடிக்குது. ஒரு கோப்பை தண்ணியை வெளியே எடுத்துட்டுப் போய் ஆத்திப் பாரு. ஏறிச்சுன்னா காத்துதான். எத்தனை பேர் இருக்கீங்க? ஜன்னலைத் திறந்து வைங்க."

அவள் இரண்டு கோப்பையும், பேனா மாதிரி இருக்கும் சின்ன அளவியும் எடுத்துக்கொண்டு வாசல் கதவுக்கு வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். டீ ஆற்றுவதுபோல் கடல் தண்ணீரை இந்தக் கோப்பையிலிருந்து அந்தக் கோப்பைக்கு ஊற்றினாள். படிக்கட்டின் உடைந்த கண்ணாடி வழியாக மழைக்காற்று முகத்தில் அடித்தது. 7.6. மறுபடி ஊற்றினாள். 7.8. பத்து நிமிடத்தில் 8.0.

காற்றுதான்.

தலைவலி லேசாகியிருந்தது. அப்போதுதான் அதை உணர்ந்தாள்.

ஆட்கள் நிறைந்திருப்பதால்தானே என்று முதலில் தோன்றியது. ஆனால் ஒன்பது நாட்களாக வீட்டில் மூன்றே பேர். ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை விழும் என்று நோட்டில் இருந்தது. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குளிப்பார்கள். வெந்நீருக்கான கேஸ் ஹீட்டர் பின்பக்க பால்கனியில் மாட்டியிருக்கிறது. அண்ணனின் சின்ன அறை ஜன்னல் அந்த பால்கனிக்குள்தான் திறக்கும். ஒன்பது நாட்களுக்கு முன்னால்வரை அந்த பால்கனியில் வெறும் கம்பிதான், ஹீட்டரின் புகை வெளியே போய்விடும்.

"துணி காயவே மாட்டேங்குது. அலுமினிய ஜன்னல் போட்டு மூடினாத்தான் என்ன?" என்று ஒரு மாதமாக அண்ணனைப் படுத்தியவள் பெய்-ருதான்.

கோப்பை கையிலிருந்து நழுவிப் படிகளில் உருண்டது.

உள்ளே ஓடினாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தண்ணீர் மட்டும்தான்.

"அண்ணி!"

கதவைத் தட்டினாள். மந்திரம் ஒரு கணம் தடுமாறியது. "அண்ணி, கதவைத் திறங்க! அண்ணி!" தோளால் மோதினாள். பழைய பிளாஸ்டிக் கதவு வளைந்ததே தவிர திறக்கவில்லை. சமையலறையிலிருந்து யாரோ "என்ன, என்ன" என்றார்கள். "ஹீட்டரை நிறுத்துங்க! ஜன்னலை எல்லாம் திறங்க! எல்லாரும் வெளியே போங்க!" என்று கத்திக்கொண்டே காலால் உதைத்தாள். நான்காவது உதையில் தாழ் பிய்ந்தது.

ஆவிக்குள் ஷூ-ஹுவி சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. கன்னம் இரண்டும் நல்ல சிவப்பு.

பெய்-ரு அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அலறினாள். அந்த வீட்டில் அன்று யாரும் அதுவரை எழுப்பாத சத்தம் அது. அக்குளுக்குள் கை கொடுத்து, நடை வழியாக, அண்ணனின் அறையைத் தாண்டி, மாடிப்படிவரை இழுத்துப் போனாள். யாரோ கோட்டைப் போர்த்தினார்கள். கன்னத்தில் அறைந்தாள், மறுபடி அறைந்தாள். மூன்றாவது அறையில் அண்ணி நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு பெய்-ருவின் மடியிலேயே வாந்தி எடுத்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் முகமூடியை மாட்டி அண்ணியையும் திருமதி லாயையும் கொண்டுபோனார்கள். கன்னச் சிவப்பு அந்த விஷவாயுவால் வருவது, பிழைத்துக்கொள்வார்கள் என்றார்கள். தீயணைப்புக்காரர் ஒருவர் கையில் கார்பன் மோனாக்சைடு அளவியோடு சின்ன அறைக்குள் நுழைந்து, எண்ணைப் பார்த்து, பின்வாங்கி, கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். டாக்டர் எழுதிய தாள் இனி செல்லாது என்றும், சாவை விசாரிக்கும் அரசு வழக்கறிஞர் வந்து பார்க்கும்வரை உடலை நகர்த்தக் கூடாது என்றும் பிறகு யாரோ அவளிடம் சொன்னார்கள்.

மூன்று மணிக்குப் போலீஸ்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், களைத்த முகம். சமையலறை மேஜையில் அவள் எதிரே உட்கார்ந்தார். பின்பக்க ஜன்னல் சட்டங்களை ஒட்டுமொத்தமாகக் கழற்றியிருந்ததால் மழை சாய்ந்து மேஜைவரை வந்தது.

"இந்த ஜன்னல் எப்போ போட்டதுங்க?"

"போன வாரம். புதன்கிழமை."

"யாரு போடச் சொன்னது?"

"நான்."

அவர் எழுதப் பார்த்தார். நனைந்த தாளில் பேனா பிடிக்கவில்லை. உதறினார், ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார், மறுபடி உதறினார்.

"மன்னிச்சுக்கங்க. யாருன்னு சொன்னீங்க?"

"நான்தாங்க."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து, கைக்குட்டையால் ஒற்றி, மழை படாத மூலைக்கு நகர்த்தினாள். அவர் எழுதி முடிக்கும்வரை அது பறக்காமல் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.