இரவல் அரிதட்டு

1973 மார்கழி விடுமுறையில், திருகோணமலை ஓர்ஸ் ஹில் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் பூதக்கண்ணாடிக்கு மேல் குனிந்திருந்தாள் மாகிரட். கண்டங்கள் எப்படி உண்டாகின என்ற ஒரே கேள்வியோடு பதினைந்து வருடமாகப் பாறைகளின் வேதியியலைக் குடைந்துகொண்டிருந்தவள் அவள். போன வருடம் திருகோணமலைப் பாறையை இடித்து, அரித்து, அதன் வயதைக் காட்டும் சிர்க்கன் மணிகளை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருந்தாள். வயது முந்நூறு கோடி வருடம் என்று பதில் வந்தது. தீவிலேயே பழைய பாறை! கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. அதை நம்பி அவுஸ்திரேலியாவில் அவளுக்கு இரண்டு வருட ஆய்வு இடமும் தருவதாக இருந்தார்கள். புல்மோட்டைக் கடற்கரை மணல் ஆலையில் வேலைசெய்யும் தம்பி ஹெக்டர் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டான்.

இப்போது பார்த்தால், மிச்சத் தூளில் சில மணிகள் வழுவழுவென்று உருண்டிருந்தன. இந்தப் பாறையின் மணிகள் கூராகத்தான் இருக்கும். கடலில் உருண்ட மணி இதற்குள் எப்படி வந்தது?

"ஹெக்டர், நீ தந்த அரிதட்டு எங்கத்தையான்?"

"புல்மோட்டையில நாங்கள் மணல் அரிக்கிறது. நல்லாக் கழுவித்தானே தந்தனான்?"

வெளிநாட்டுச் சாமான் வராத காலம். புது அரிதட்டு கொழும்பிலும் கிடைக்காமல், அவசரத்துக்குத் தம்பியிடம் இரவல் வாங்கியவள் அவள்தான். எத்தனையோ வயதுப் பாறைகளின் சிர்க்கன் கலந்து கிடக்கும் மணல் அது. அரிதட்டின் வலைக்கண்ணியில் சிக்கிய கொஞ்சம் போதும், வயது தாறுமாறாகிவிடும். படித்த கெட்டிக்காரிகளுக்குத்தான் இப்படி மடத்தனம் வாய்க்கும்.

"பேசாம விடுங்கோ அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது? கல்லு வந்து சாட்சி சொல்லுமே?"

"ஓம், சொல்லும். அதைக் கேக்கத்தானே எனக்குச் சம்பளம் தாறாங்கள்."

கட்டுரையைத் திருப்பிக் கேட்டு அன்றைக்கே கடிதம் எழுதினாள். தை மாதம் அந்த ஆய்வு இடம் வேறொருவருக்குப் போயிற்று. ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் சுத்தியலோடு பாறைக்குப் போனாள். கட்டாமல் வைத்திருந்த நைலோன் சேலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றின் தூள் மற்றதில் கலக்காமல் கல்லுக்கு ஒரு துண்டாகச் சட்டத்தில் கட்டி அரித்து, மணிகளை மறுபடியும் அனுப்பினாள். ஹெக்டர் தலையில் அடித்துக்கொண்டான்.

இரண்டு வருடம் கழித்துப் பதில் வந்தது. முந்நூறு கோடியில் பாதிகூட இல்லை. கடிதத்தை வாங்கிப் பார்த்த ஹெக்டருக்கு முகம் விழுந்துவிட்டது.

"இவ்வளவுதானா அக்கா? இதுக்கே இந்தப் பாடு பட்டனீங்கள்?"

"இவ்வளவுதான்," என்றாள் மாகிரட். பல நாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஆனா இனி இதை ஒருத்தராலயும் கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது."