கையால் வைத்த பெயர்

அந்தச் சலவைக்கூடத்தில் பகலெல்லாம் இயந்திரங்கள் உறுமிக்கொண்டே இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வந்து அழுக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகும். அந்த இரைச்சலையும் மீறி ஒரு குரல் கேட்டால், அது பஞ்சாயத்து அக்காவின் குரல். பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே மறந்திருப்பாள். யார் வீட்டில் சண்டை என்றாலும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

"சொல்லுடி. கை அதுபாட்டுக்கு வேலையப் பாக்கட்டும், காது உன் பக்கம்தான் இருக்கு" என்பாள்.

அடுத்தவர் கஷ்டத்தைத் தன்னைப்போலக் காதுகொடுத்துக் கேட்க ஆள் கிடையாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. மற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள், பாவம்.

அப்பேர்ப்பட்டவள் வீட்டிலேயே இப்போது ஒரு முடிச்சு விழுந்திருந்தது. கட்டிக்கொடுத்த மகள் திடுதிப்பென்று வந்து இறங்கியிருந்தாள். ஏன் வந்தாள் என்று கேட்டால், "ஒண்ணுமில்லம்மா." அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாக மாப்பிள்ளை போனில் சொல்லிவிட்டார். அனுப்புவதா, நிறுத்துவதா? ஊரார் வழக்கையெல்லாம் தீர்த்தவளுக்குத் தன் வீட்டு வழக்கில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அந்த வாரம்தான் விரிப்பு மடிக்கப் புதிதாக ஒருத்தி வந்தாள். பிறந்ததிலிருந்தே காது கேட்காதவள். விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இந்த முனைக்கு ஒருத்தி, அந்த முனைக்கு ஒருத்தி வேண்டும். அக்காவுக்கு ஜோடியாக அவளைப் போட்டார்கள். போச்சு, இனிமேல் சுவரோடுதான் பேச்சு என்று அக்கா நொந்துகொண்டாள். ஆனால் புதியவள் வேலையில் கெட்டி. ஒரே ஒரு சங்கடம், அவள் பார்வை எதிரே நிற்கிறவர் முகத்தைவிட்டு நகராது. அக்காவுக்கு முகத்தில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும்.

இஸ்திரிக்காரரின் தம்பிக்கும் காது கேட்காது. அதனால் அவருக்குக் கைப்பேச்சு தெரியும். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவர்தான் பேச்சை எடுத்தார்.

"இவங்க ஆளுங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. நம்ம பேரை எழுத்துக் கூட்டிக்கிட்டு இருக்கமாட்டாங்க. கண்ணுல என்ன படுதோ, அதையே கையால பேரா வெச்சிருவாங்க."

"எங்களுக்குமா வெச்சிருக்கா?"

"வெக்காம இருப்பாளா?"

புதியவள் சிரித்துக்கொண்டே காட்டினாள். மேற்பார்வையாளருக்கு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு முறைப்பு. இஸ்திரிக்காரருக்கு, டீயை ஊதுகிற குவிந்த உதடு. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அக்காவுக்கு இருக்குற வாய்க்கு ரெண்டு கையும் பத்தாது, பாருங்களேன்!" என்றாள் ஒருத்தி.

புதியவள் உள்ளங்கையை ஒரு முகம்போல நிமிர்த்தினாள். பிறகு மெதுவாக அதை மறுபுறம் திருப்பினாள். புறங்கை தெரிந்தது.

இஸ்திரிக்காரர் தொண்டையைச் செருமினார். "அது சும்மா ஏதோ…"

"மழுப்பாம சொல்லுங்கண்ணே."

"முகத்தத் திருப்பிக்கிறவங்க."

"யாரு, நானா?" அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "எல்லார் அழுகையும் இந்தக் காதுலதானே வந்து கொட்டுது! நானா முகத்தத் திருப்புறேன்?"

அவர் கையால் கேட்டார். புதியவள் முகத்தில் கேலி இல்லை. அக்கா கோபித்துக்கொண்டதே அவளுக்கு ஆச்சரியம். அவள் விரல்கள் நெடுநேரம் பேசின.

"வையிறதுக்காக வெச்ச பேரு இல்லையாம், தங்கச்சி. அவளுக்கு முகத்தப் பாத்தாத்தானே பேச்சு? உன்கிட்ட ஒருத்தர் வந்து சொல்றப்ப நீ துணியப் பாக்குற, மிஷினப் பாக்குற. அவங்க பாதியில நிறுத்திட்டுத் திரும்பிப் போறாங்களே, அப்போ அவங்க முகம் எப்படி இருக்குன்னு நீ ஒரு தடவகூடப் பாக்கலையாம். அவ தினமும் பாக்குறாளாம்."

"நல்லா வெச்சா பேரு!" என்று அக்கா தூக்குவாளியை டப்பென்று மூடினாள்.

கோபத்தோடுதான் வீட்டுக்குப் போனாள். கோபத்தோடுதான் அடுப்பைப் பற்றவைத்தாள். பின்னால் மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "என்னடி, மாப்பிள்ளைகிட்ட…" என்று வழக்கம்போல அடுப்பைப் பார்த்தபடியே ஆரம்பித்தவள், பாதியில் நின்றாள். அடுப்பை அணைத்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மகளுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றாள் மகள்.

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்ன ஏன் இப்படிப் பாக்குற? பயமா இருக்கு."

மகள் எப்போது இப்படி இளைத்தாள்? கண்ணுக்குக் கீழே இந்தக் கருப்பு எப்போது வந்தது?

"என்ன நடந்துச்சுன்னு சொல்லும்மா."

"வந்த அன்னைக்கே சொன்னேனே."

"எப்போ?"

"நீ பாத்திரம் தேய்ச்சிக்கிட்டு இருந்த. பதிலும் சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"'எல்லா வீட்லயும் உள்ளதுதான், போகப்போக சரியாயிடும்'னு சொன்ன."

அக்கா சொல்லியிருப்பாள். இதே பதிலை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாளோ!

"இன்னொரு தடவ சொல்லு, கண்ணு."

"அவரு வெளிய போறப்ப வீட்டப் பூட்டி, சாவிய எடுத்துட்டுப் போயிடுறாரும்மா. நான் உள்ளயே கெடப்பேன். சாயங்காலம் அவரு வந்து திறக்குற வரைக்கும்."

மாப்பிள்ளையை ஏசுவதற்குச் சொற்கள் அக்காவின் தொண்டைவரை வந்து முட்டின. அத்தனையையும் விழுங்கிவிட்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் விட்டு விட்டுச் சொன்னாள், அழுதாள், மறுபடி சொன்னாள். வீட்டுக்குள் இருட்டு ஏறியது. விளக்கைப் போட யாரும் எழவில்லை.

"ஞாயித்துக்கிழமை வந்துடுவாரேம்மா."

"வரட்டும். வந்து எனக்குப் பதில் சொல்லிட்டுப் போகட்டும். நீ எங்கயும் போகல."

மகள் உடனே நம்பிவிடவில்லை. அந்த அரையிருட்டில் தாயின் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்டி."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பசிக்குதும்மா" என்றாள்.